ஜோபர்க் குளிரில் மாவும் புளிக்கவில்லை, பருப்பும் வேகவில்லை. வாரம் முழுக்க என்னதான் சமைக்கிறீர்கள்?

ரேண்ட்பர்க்_புதுசு:

எல்லோருக்கும் வணக்கம். பிப்ரவரியில்தான் சென்னையிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் (சுருக்கமாக ஜோபர்க்) வந்தோம். வந்தபோது நல்ல வெயில், சாயங்காலமானால் இடியும் மழையும். ஆப்பிரிக்கா என்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஸ்வெட்டர் எல்லாவற்றையும் அம்மா வீட்டு பீரோவிலேயே விட்டுவிட்டு வந்த புத்திசாலி நான். ஜூன் பிறந்ததும் தெரிந்தது, இங்கே அதுதான் குளிர்காலம் என்று. பகலில் வெயில் பளிச்சென்று அடிக்கிறது, ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது, அதற்கப்புறம் வீட்டுக்குள் இருப்பதைவிட வாசலில் நிற்பதே மேல் என்கிற மாதிரி குளிர். தரை முழுக்க டைல்ஸ். ஹீட்டர் ஒன்றே ஒன்று, அதையும் பிள்ளைகள் அறையில் வைத்திருக்கிறோம்.

என் பிரச்சினை அடுப்படியில்தான். நான், கணவர், 9 வயதில் பையன், 4 வயதில் பெண். இரண்டு பேருக்கும் வேலை, வீடு திரும்ப ஆறு மணி ஆகிறது. சனிக்கிழமை ராத்திரி ஆட்டி வைத்த இட்லி மாவு திங்கள் காலையிலும் வைத்த கோட்டிலேயே நிற்கிறது, ஒரு விரல் கூட ஏறவில்லை. துவரம்பருப்பு வேக வைத்தால் ஒரு மணி நேரம் கழித்தும் பருப்பு பருப்பாகவே மிதக்கிறது. (குக்கர் இருக்கிறது, ஆனால் சாமான் வந்த பெட்டியில் காஸ்கெட்டைக் காணோம். அதனால் சாதாரணப் பாத்திரத்தில்தான் வேக வைக்கிறேன்.) தயிர்சாதத்தைப் பெண் தொடுவதே இல்லை, ஜில்லென்று இருக்கிறதாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏழு நாள், மூன்று வேளை, மொத்தம் 21 கட்டம் போட்டு ஒரு அட்டவணை தயார் செய்து ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். கலர் பென்சில் எல்லாம் போட்டு. இதுவரை ஒரு வாரம் கூட அது புதன்கிழமையைத் தாண்டியதில்லை, வியாழன் வந்தால் பிரெட், முட்டை, அதுவும் இல்லையென்றால் வெளியிலிருந்து பீட்சா. நீங்களெல்லாம் இந்தக் குளிரில் எப்படித்தான் சமாளிக்கிறீர்கள்? பெரிய சமையல் எதுவும் வேண்டாம், சூடாக, எளிதாக, நம் சாப்பாடாக இருந்தால் போதும்.

செஞ்சூரியன்_அக்கா:

முதலில் அந்த அட்டவணையைக் கிழியுங்கள் 😄 நானும் வந்த வருடம் போட்டேன், என்னுடையது செவ்வாயையே தாண்டவில்லை.

பருப்பு விஷயத்தில் உங்கள் மேல் தப்பே இல்லை, ஊரின் உயரம் அப்படி. ஜோபர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1750 மீட்டர், நம் குன்னூருக்குக் கொஞ்சம்தான் கீழே. சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் இங்கே 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் நீங்கள் அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் ஆவிதான் போகுமே தவிர சூடு ஏறாது. அதனால்தான் திறந்த பாத்திரத்தில் பருப்பு, கொண்டைக்கடலை, ராஜ்மா எல்லாம் அடம் பிடிக்கிறது. குக்கர் இல்லாமல் இந்த ஊரில் குடும்பம் நடத்த முடியாது. வர்ற சனிக்கிழமையே ஜோபர்க்கில் நம் கடைகள் இருக்கும் ஃபோர்ட்ஸ்பர்க் பக்கம் போங்கள், பாத்திரக் கடைகளில் காஸ்கெட் கிடைக்கும், குக்கர் மூடியைக் கையோடு எடுத்துக்கொண்டு போனால் அளவு மாறாது. கிடைத்த பிறகும் சென்னைக் கணக்குக்கு இரண்டு விசில் கூடவே விடுங்கள்.

மாவுக்கு வருவோம். புளிப்பதற்கு 28லிருந்து 32 டிகிரி வரை சூடு இருந்தால் சுகம். உங்கள் அடுப்படி ராத்திரி 10, 12 டிகிரிக்கு இறங்கும், அதில் எந்த மாவு எழும்? நான் செய்வது இது. ஆட்டும்போதே வெதுவெதுப்பான தண்ணீர் விடுவேன், கைபொறுக்கும் சூடு, அதற்கு மேல் இல்லை. உளுந்தோடு வெந்தயம் ஒரு டீஸ்பூன் ஊறப் போடுவேன். கையால் நன்றாகக் கலப்பேன், கரண்டியால் இல்லை. அப்புறம் பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து உள் விளக்கை மட்டும் போட்டு வைப்பேன், ஓவனை ஆன் பண்ணக் கூடாது. விளக்கு எரியாத ஓவன் என்றால் இந்த ஊர்க்காரர்கள் பிக்னிக்குக் கொண்டு போவார்களே, அந்தக் கூலர் பாக்ஸ், அதில் மாவுப் பாத்திரத்தோடு வெந்நீர் நிரப்பிய இரண்டு பாட்டில் வைத்து மூடி, மேலே ஒரு பழைய போர்வை. படுக்கப் போகும்போது ஒரு தடவை வெந்நீரை மாற்றினால் பன்னிரண்டு பதினாலு மணி நேரத்தில் பொங்கிவிடும். பாத்திரத்தில் பாதிதான் ஊற்ற வேண்டும், இதை மறக்காதீர்கள்.

வாரத்துக்குத் திட்டம் என்று நான் வைத்திருப்பது 21 கட்டமெல்லாம் இல்லை. ஊறப் போடுகிற ராத்திரி இரண்டு, அவ்வளவுதான். ஞாயிறு ராத்திரி ஒன்று, புதன் ராத்திரி ஒன்று. ஞாயிறு ராத்திரி கொண்டைக்கடலை நிறைய ஊறப் போட்டால் திங்கள் சாயங்காலம் மொத்தத்தையும் வேக வைத்துவிடுவேன், அன்றைக்குப் பாதி குழம்பு. மீதி செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் டப்பாவுக்குத் தேங்காய் போட்ட சுண்டலாகப் போகும், வேக வைத்த தண்ணீரைக் கொட்டாமல் அதில் மிளகு ரசம். புதன் ராத்திரி பச்சைப் பயறோ காராமணியோ, வியாழக்கிழமை குழம்பு, வெள்ளிக்கு அதே பயறை வைத்து அடை மாதிரி. நடுவில் ஒரு நாள் இட்லி மாவு, ஒரு நாள் முட்டைக் குழம்பு. இப்படி ஒன்றிலிருந்து இன்னொன்று பிறக்கிற மாதிரி வைத்துக்கொண்டால் யோசிக்க வேண்டிய நாள் வாரத்தில் இரண்டுதான். அட்டவணை ஏன் விழுகிறது தெரியுமா, ஏழு நாளும் ஏழு புதுச் சமையல் என்று எழுதுகிறோம். நம் அம்மாக்கள் அப்படியா சமைத்தார்கள்?

தயிர்சாதத்துக்கு ஒரு சின்ன வேலை. தயிரை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றாமல், சூடான சாதத்தில் முதலில் பாலை விட்டுக் குழைத்து, கடைசியில் தயிர் இரண்டு ஸ்பூன். வெதுவெதுவென்று இருக்கும், சாப்பிடுவாள்.

டர்பன்_தாத்தா:

வணக்கம் அம்மா. நான் டர்பனில் பிறந்தவன், என் அப்பாவும் இங்கே பிறந்தவர். தமிழ் சனிக்கிழமை வகுப்பிலும் ஆயாவிடமும் படித்தது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு டர்பனில் உங்களைப் போலக் குளிர் கிடையாது, காலையில் வராண்டாவில் டீ குடிக்க ஒரு ஜெர்சி போதும், மதியம் அதையும் கழற்றிவிடுவோம். ஆனால் என் மகள் உங்கள் ஜோபர்க் பக்கத்துப் பெனோனியில் இருக்கிறாள், ஜூலையில் அங்கே போனால் நான் தொப்பியோடுதான் தூங்குகிறேன்.

குளிருக்கு எங்கள் வீட்டுச் சமையல் என்றால் முதலில் சுகர் பீன்ஸ்தான். இதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லையா? எந்தக் கடையிலும் பாக்கெட்டில் இருக்கும், வெளிர் நிறத்தில் சிவப்புப் புள்ளி போட்ட பீன்ஸ். ராத்திரி இரண்டு கப் ஊறப் போட்டு, காலையில் தண்ணீரை மாற்றி, குக்கரில் மெத்தென்று வேக வையுங்கள். எண்ணெயில் பட்டை ஒன்று, சீரகம், வெங்காயம், கறிவேப்பிலை, பச்சைமிளகாய் இரண்டைக் கீறிப் போட்டு, இஞ்சி பூண்டு, மஞ்சள், மசாலா இரண்டு கரண்டி. மசாலா அடியில் பிடிக்கும் முன்னே தக்காளி இரண்டைத் துருவி விட வேண்டும், நறுக்கக் கூடாது, துருவினால்தான் குழம்பு சேரும். எண்ணெய் மேலே வந்ததும் உருளைக்கிழங்கை நாலாக வெட்டிப் போட்டு, பீன்ஸை வெந்த தண்ணீரோடு ஊற்றுங்கள். உருளைக்கிழங்கு வெந்ததும் கரண்டியின் முதுகால் ஒரு பிடி பீன்ஸை சட்டியின் ஓரத்தில் வைத்து நசுக்கிவிடுங்கள், குழம்பு தானாகக் கெட்டியாகும். மேலே நிறைய கொத்தமல்லி. முதல் நாள் சோற்றுக்கு, மறு நாள் ரொட்டிக்கு, மூன்றாம் நாள் மீதி இருந்தால் பிரெட்டைக் குடைந்து உள்ளே ஊற்றிக்கொடுங்கள். அதுதான் பீன்ஸ் பன்னி. உங்கள் பையன் பீட்சாவை மறந்துவிடுவான்.

கடைக்குப் போனால் பெயர்களில் குழம்பாதீர்கள். துவரம்பருப்பை இங்கே ஆயில் தால் என்பார்கள், எண்ணெய் தடவி வருவதால். கடலைப்பருப்பு கிராம் தால். கீரை எதுவாக இருந்தாலும் எங்களுக்கு ஹெர்ப்ஸ். குளிர்காலத்தில் சூப் பேக் என்று காரட், டர்னிப், செலரி, லீக்ஸ் எல்லாம் ஒரே கட்டாகக் கட்டி வைத்திருப்பார்கள். வெள்ளைக்காரர்கள் எலும்பு போட்டு சூப் வைப்பார்கள், என் மனைவி அதையே பொடியாக நறுக்கிப் பருப்போடு வேக வைத்து, சீரகம், பூண்டு, காய்ந்த மிளகாய் தாளித்துவிடுவாள். காய் வாங்கி, கழுவி, யோசித்து என்கிற வேலையே இல்லை. சேப்பங்கிழங்கு ஆசை வந்தால் மதும்பி என்று கேளுங்கள். சின்னதாக, உருண்டையாக இருக்கும், எங்கள் பக்கம் இந்த மாதங்களில் தெரு ஓரத்திலேயே குவித்து விற்பார்கள், உங்கள் ஊரில் கொஞ்சம் தேட வேண்டும்.

மீன் சாப்பிடுவீர்களா? ஜூன், ஜூலையில் மத்தி மீன் கூட்டம் கேப் பக்கமிருந்து எங்கள் கடற்கரைக்கு வரும். வலை இழுக்கும் நாளில் ஜனங்கள் வேலைக்குப் போகாமல் வாளியோடு ஓடுவார்கள், சிலர் சட்டையைக் கழற்றி அதில் அள்ளுவார்கள், நானும் அள்ளியிருக்கிறேன். அன்றைக்குத் தெரு முழுக்க ஒரே வறுவல் வாசனைதான்.

இன்னொன்று. ஆடி மாதம் எங்கள் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவோம். இங்கே கேழ்வரகு இல்லாமல் சோள மாவில், மீலி மீல் என்பார்களே, அதில்தான். மாவைக் கரைத்து இரண்டு நாள் புளிக்க வைத்துக் காய்ச்சி, ஆறியதும் மாஸ் ஊற்றி, சின்ன வெங்காயம் போட்டுக் குடிப்போம். மாஸ் என்பது இந்த ஊர்ப் புளித்த பால், கெட்டியாக பாட்டிலில் விற்கும். உங்கள் தயிர் உறையவில்லை என்றால் அதை வாங்கி மோர்க்குழம்பு வைத்துப் பாருங்கள். 1860 நவம்பர் 16-ம் தேதி நம் முதல் ஆட்களை ஏற்றிய ட்ரூரோ கப்பல் மெட்ராஸிலிருந்து இங்கே வந்து நின்ற நாளிலிருந்து நம் ஆட்கள் இந்த ஊரில் கிடைத்ததை வைத்துத்தான் குழம்பு வைத்திருக்கிறார்கள். நீங்களும் வைத்துவிடலாம்.

வாயாடி76:

சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள், திங்கள் வேக வைத்ததை வெள்ளி வரைக்கும் இழுப்பதெல்லாம் எங்கள் வீட்டில் நடக்காது. அன்றன்றைக்கு வைப்பதுதான் சாப்பாடு. ஃப்ரிட்ஜில் வைத்து வைத்துச் சூடு பண்ணினால் வாய்க்கும் பிடிக்காது, வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளாது.

கேப்டவுன்_சட்டி:

வாயாடி அக்கா, அன்றன்றைக்கு வைப்பது யார், நீங்களா, அண்ணனா? 😏 எங்கள் வீட்டில் நான்தான் சமையல், மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட். ஆறு மணிக்கு வீட்டுக்கு வருகிற ஆளுக்கு அன்றன்றைக்கு என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன், சாதத்தை மட்டும் வெளியே வைத்துவிட்டு மறு நாள் சூடு பண்ணக் கூடாது. குளிர்தானே என்று அடுப்பு மேலேயே விடுவார்கள். வடித்த இரண்டு மணி நேரத்துக்குள் ஆற வைத்து ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். குழம்பு, சுண்டல் எல்லாம் ஃப்ரிட்ஜில் தாராளமாக நிற்கும், எடுக்கும்போது கொதிக்க விட்டால் போதும்.

கேள்வி கேட்ட தங்கச்சிக்கு நான் சொல்வது போர்வை வைத்தியம். 2023-ல் தினமும் கரண்ட் போய்க்கொண்டிருந்தபோது கற்றுக்கொண்டது, இப்போது கரண்ட் இருந்தாலும் விடவில்லை. வொண்டர்பேக் என்று இந்த நாட்டிலேயே பிறந்த ஒரு பை இருக்கிறது, சாரா காலின்ஸ் என்பவர் 2008-ல் கொண்டு வந்தது. பெரிய மெத்தை மாதிரி இருக்கும், கொதிக்கிற சட்டியை மூடியோடு உள்ளே வைத்துக் கயிற்றை இழுத்துவிட்டால் அடுப்பே இல்லாமல் நாலைந்து மணி நேரம் தானாக வேகும். பை இல்லையென்றால் ஒரு அட்டைப்பெட்டி, இரண்டு தடிப் போர்வை போதும், எங்கள் பாட்டி வைக்கோலில் புதைத்து வைத்த கதைதான். காலையில் ஆறரைக்குக் காய்கறி சாம்பார் ஒரு கொதி வந்து பதினைந்து நிமிடம் நின்றதும் போர்வைக்குள் போட்டுவிடுவேன், மதியம் மனைவி எழுந்து பார்க்கும்போது சட்டியைத் தொட முடியாது.

ஆனால் தாத்தா சொன்ன சுகர் பீன்ஸ், ராஜ்மா இதையெல்லாம் அரைகுறையாகக் கொதிக்க வைத்துப் போர்வைக்குள் போடாதீர்கள். அதில் லெக்டின் என்று ஒரு சமாச்சாரம் இருக்கிறது, நன்றாகத் தளதளவென்று கொதித்தால்தான் சாகும், மிதமான சூட்டில் கிடந்தால் வயிற்றைப் புரட்டி வாந்தி வரும். நாங்கள் ஒரு தடவை பட்டோம், அதற்கு மேல் விவரிக்க விரும்பவில்லை. ஊற வைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் வேக வைத்துவிடுங்கள், அதுதான் நிம்மதி. அப்புறம் ராத்திரி வரைக்கும் சட்டி பையிலேயே கிடந்தால் சாப்பிடும் முன் ஒரு தடவை கொதிக்க விடுங்கள்.

மொரிசியஸ்_மல்லி:

நாங்கள் கியூர்பிப்பில் இருக்கிறோம், மொரிசியஸிலேயே குளிரும் மேட்டுப்பகுதி, இந்த மாதங்களில் தூறல் விடாது. இங்கே அன்றாடச் சாப்பாடு பாதி நாள் புய்யோன் தான், அதாவது கீரைத் தண்ணீர் ரசம். வெங்காயம், பூண்டு, இஞ்சி, தக்காளி வதக்கித் தண்ணீர் விட்டு, கொதித்ததும் முருங்கைக் கீரையை உருவிப் போட்டு இறக்கினால் ஆயிற்று, பத்து நிமிடம். முருங்கைக் கீரைக்கு இந்த ஊர் கிரியோல் மொழியில் ப்ரேட் முரும் (ப்ரேட் என்றால் கீரை) என்று பெயர், எங்கிருந்து வந்தது என்று சொல்லவே வேண்டாம். சூடான சோற்றில் அதை ஊற்றி, பக்கத்தில் கருவாடோ முட்டையோ. உங்கள் ஊரில் முருங்கை கிடைக்காவிட்டால் எந்தக் கீரையிலும் செய்யலாம்.

டப்பாவுக்கு ஆரஞ்சு வகை எதுவும் வைப்பதில்லையா? உங்கள் ஊரில் இப்போது நார்ச்சி சீசன்தானே. அந்தப் பெயரே நம் நாரத்தையிலிருந்து போனது, பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

ரேண்ட்பர்க்_புதுசு:

எல்லோருக்கும் நன்றி, இரண்டு வாரம் கழித்து வந்து எழுதுகிறேன், மன்னியுங்கள். காஸ்கெட் கிடைத்துவிட்டது! துவரம்பருப்பு ஆறு விசிலில் வெண்ணெய் மாதிரி. அக்கா சொன்னபடி ஊறப் போடுகிற ராத்திரி இரண்டு என்று மட்டும் வைத்துக்கொண்டேன், இரண்டு வாரமும் வெள்ளிக்கிழமை வரை வந்துவிட்டோம். செவ்வாய் சுண்டல் டப்பா காலியாக வருகிறது, அவன் தின்கிறானா, நண்பர்கள் தின்கிறார்களா, கேட்கவில்லை. பெண் பால் விட்ட தயிர்சாதம் சாப்பிடுகிறாள், நார்ச்சியை மட்டும் நாலு நாலாகத் தின்கிறாள்.

மாவுதான் ஒரு கூத்து. சனிக்கிழமை ஓவன் விளக்கைப் போட்டு உள்ளே வைத்தேன். ஞாயிறு காலை நான் குளித்துக்கொண்டிருக்கும்போது, இவர் பிள்ளைகளுக்கு பன் சூடு பண்ணலாம் என்று உள்ளே பார்க்காமல் 180-ல் ஓவனை ஆன் பண்ணிவிட்டார். வாசனை குளியலறை வரைக்கும் வந்தது. ஓடி வந்து திறந்தால், மேலே பொன்னிறமாக வெந்து வெடித்த ஒரே ஒரு மகா இட்லி, அடியில் பாதி மாவு, பாத்திரத்தின் பிளாஸ்டிக் மூடி இருந்த இடத்தில் ஒரு வளையம். பொங்கித்தான் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல்! இப்போது மாவு வைக்கிற நாளில் ஓவன் கைப்பிடியில் "உள்ளே மாவு" என்று எழுதி மாட்டிவிடுகிறேன். அந்த 21 கட்ட அட்டவணையின் பின்பக்கத்தில்தான் எழுதினேன், தாள் நல்ல கெட்டி.

தாத்தா, சுகர் பீன்ஸ் மூன்று நாளும் ஓடியது, பன்னி வரைக்கும். ஒரே ஒரு சந்தேகம். மசாலா இரண்டு கரண்டி என்றீர்களே, எந்தக் கரண்டி? நான் சாப்பாட்டு ஸ்பூனால் போட்டேன், இவர் கண்ணில் தண்ணீர், சின்னவள் வாயைத் திறந்துகொண்டு வீட்டைச் சுற்றி ஓடினாள்.

டர்பன்_தாத்தா:

சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள் அம்மா, அந்தக் கரண்டிதான். சின்னப் பிள்ளை இருப்பதை நான்தான் மறந்துவிட்டேன். அவளுக்கு உருளைக்கிழங்கை மட்டும் எடுத்து, ஒரு கிண்ணம் வெந்நீரில் கழுவி, சோற்றில் பிசைந்து கொடுங்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பழகினோம். அடுத்த வருடம் கழுவுவதை நிறுத்தலாம்.